எட்டுக் குட்டிகளும் ஒரு தாம்பாளமும்

கேட்டவர் சொன்ன விவரம் இது: வீட்டில் வளரும் ராஜபாளையம் பெட்டை நாய் தலையீற்றாக எட்டுக் குட்டிகள் போட்டு இன்றோடு 24 நாள். எட்டில் ஒரு பெட்டைக் குட்டி மட்டும் மற்றவற்றில் பாதிதான் இருக்கிறது. இரண்டு நாளாகக் குட்டிகள் மடியில் வாய் வைத்த சிறிது நேரத்திலேயே தாய் எழுந்து போய்விடுகிறது. பால் வற்றிவிட்டதோ என்று பயம். நாளையிலிருந்து பசும்பாலில் பன்னை ஊறவைத்துக் கொடுக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். 35ஆம் நாள் குட்டி ஒன்றை எடுத்துப்போக உறவினர் வருகிறார். என்ன செய்வது?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பால் வற்றியதாகத் தெரியவில்லை. கட்டி உணவை இப்போதே தொடங்கலாம். ஆனால் பாலை முழுவதும் நிறுத்த இன்னும் ஒரு மாதம் ஆகும். பசும்பாலும் பன்னும் வேண்டாம். உறவினரை மூன்று வாரம் தள்ளி வரச் சொல்லுங்கள்.

இனி விரிவாக. நான் கால்நடை மருத்துவர் அல்ல. இருபது ஆண்டுக்கு மேலாக ராஜபாளையம் வளர்ப்பவன். பதினோரு ஈற்றுப் பார்த்தவன். முதல் இரண்டு ஈற்றிலும் செய்யக்கூடாத எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டதால் மற்ற ஒன்பதும் நன்றாக அமைந்தன.

தாய் எழுந்து போவதில் தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் கடிகாரம் அதுதான். ஒரு குட்டியைத் தூக்கி மேலுதட்டை விரலால் விலக்கிப் பாருங்கள். ஈறு வழியாக அரிசிக் குருணை போல வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்க்கும். பாற்பல் மூன்றாவது வாரத்தில் முளைக்கத் தொடங்கி ஆறாவது வாரத்துக்குள் 28 பல்லும் வந்துவிடும். ஊசி போன்ற பல், அதைவிடக் கூரான நகம், எட்டு வாய். நீங்களாக இருந்தாலும் எழுந்துதான் போவீர்கள். உண்மையில் நாய்க்குப் பால் சுரப்பு உச்சத்துக்குப் போவதே மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான். பால் இருக்கிறது, பொறுமைதான் குறைகிறது. அப்படிக் குறைய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அவள் விலகும்போது குட்டிக்குப் பசி வருகிறது, பசி வரும்போது புதிய மணம் ஒன்றை மோந்து பார்க்கத் துணிகிறது.

ஆகவே அவளை அதட்டிப் படுக்க வைக்காதீர்கள். குட்டிகள் ஏற முடியாத ஒரு பலகையோ பழைய கட்டிலோ அந்த அறையிலேயே போட்டுவிடுங்கள். அவள் அதில் ஏறிப் படுத்துக்கொண்டு கீழே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தோன்றும்போது இறங்கி வருவாள். குட்டிகளின் நகங்களை வாரம் ஒருமுறை நுனி மட்டும் வெட்டுங்கள், கறுப்பாகவோ ரோஜா நிறமாகவோ உள்ளே தெரியும் சதையைத் தொடாமல். மடியெல்லாம் கீறல் விழுந்த நாய்க்கு மடிவீக்கம் வர அதிக நேரம் பிடிக்காது.

பிள்ளைகளுக்குப் பால் மறக்கடிக்க வேப்பெண்ணெய் தடவுவார்களே, அந்த வேலையை நாயிடம் செய்யாதீர்கள். செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தாய் அதை நக்கிக் கக்குகிறது, குட்டி வாயில் நுரை தள்ளுகிறது, மறுநாள் இரண்டும் பழையபடி. நாய் தானே படிப்படியாக மறக்கடிக்கும். நம் வேலை, அவள் ஓரடி பின்வாங்கும் இடத்தில் ஒரு தட்டை வைப்பது மட்டுமே.

கக்குவது என்று சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இன்னும் ஒரு வாரத்தில் உங்கள் நாய் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நேராகக் குட்டிகளிடம் போய் அத்தனையையும் கக்கும்; குட்டிகள் ஓடிவந்து அதைத் தின்னும். எல்லாத் தாயும் செய்வதில்லை, ஆனால் செய்தால் அது நோய் அல்ல. ஓநாய்க் காலத்துப் பழக்கம். முதல்முறை இதைப் பார்த்த நான் நாயைத் தூக்கிக்கொண்டு இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மருத்துவரிடம் ஓடினேன். அவர் சிரித்துவிட்டு, அவள் உனக்கு முன்னால் பால் மறக்கடிக்கத் தொடங்கிவிட்டாள் என்றார். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தாய்க்குப் பெரிய எலும்புத் துண்டோ காரக் குழம்போ போடாதீர்கள், அதுவும் அப்படியே குட்டி வயிற்றுக்குப் போகும்.

அடுத்தது பால். பக்கத்து வீட்டுக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுவதைச் சொல்கிறார். ஆனால் கணக்கு வேறு. நாய்ப்பாலில் கொழுப்பு நூற்றுக்கு 9 பங்கு வாக்கில், புரதம் 7 முதல் 8 பங்கு. பசும்பாலில் கொழுப்பு 4 பங்கை ஒட்டி, புரதம் 3 பங்குக்குச் சற்று மேல். அதாவது பாதிக்கும் குறைவு. மாறாகப் பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் நாய்ப்பாலில் 3 பங்குக்குச் சற்று மேல்தான், பசும்பாலில் 5 பங்கை ஒட்டி. குட்டிக்கு வேண்டியது குறைவாகவும் வேண்டாதது கூடுதலாகவும் இருக்கிற பால் அது. செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுத்துக்கொண்டு கழிச்சலாக வெளியே வரும். பாலில் தண்ணீர் கலந்தால் லேசாகிவிடும் என்று நினைத்து அப்படிக் கொடுப்பவர்கள் உண்டு. லாக்டோஸோடு சேர்த்துச் சத்தையும் குறைத்துவிடுகிறார்கள். ஆட்டுப்பாலும் இந்தக் கணக்கில் பெரிதாக மாறுவதில்லை. பன்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அது மைதாவும் சர்க்கரையும். குழந்தைகளுக்கான டப்பா மாவும் மனிதக் குழந்தைக்கு அளந்தது. நாய்க்குட்டி அதைப் போலப் பல மடங்கு வேகத்தில் வளர்கிறது.

என் முதல் ஈற்றில் ஆறு குட்டிகளுக்கு நானும் பசும்பாலும் ரொட்டியும்தான் வைத்தேன். முதல்நாள் ஆசையாகக் குடித்தன. இரண்டாம் நாள் மலம் மஞ்சளாக இளகியது, மூன்றாம் நாள் தண்ணீராகப் போனது. பின்பக்கம் முழுக்க ஒட்டிக்கொண்டு, ஈ மொய்த்துக்கொண்டு, தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளிய இடம் திரும்பப் படியாமல் மடிப்பாகவே நின்றது. அந்த மடிப்பு உடலில் தண்ணீர் வற்றியதற்கு அடையாளம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு குட்டி போய்விட்டது. அதிலிருந்து எங்கள் வீட்டில் பால் காபிக்கு மட்டும்.

தாய்க்கு உண்மையிலேயே பால் போதவில்லை என்றால் நாய்க்குட்டிக்கென்றே விற்கும் பால் மாவு இருக்கிறது. செல்லப்பிராணிக் கடைகளிலும் கால்நடை மருந்துக் கடைகளிலும் கிடைக்கும். விலை கசக்கும். ஆனால் எட்டுக்கும் வாங்க வேண்டியதில்லை, உங்கள் சிறிய பெட்டைக்கு மட்டும் போதும். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் தட்டு. கிண்ணம் வேண்டாம், விளிம்பு தாழ்வான எவர்சில்வர் தாம்பாளம் எடுத்துக்கொள்ளுங்கள். குட்டிக்கு இன்னும் கழுத்து நிலையாக நிற்கவில்லை; ஆழமான கிண்ணத்தில் மூக்கு மூழ்கினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலில் சளி கட்டிவிடும். இதே காரணத்துக்காகத்தான் குட்டியின் தலையைப் பிடித்துக் கஞ்சியில் அமுக்கக் கூடாது. நிறையப் பேர் சுவை தெரியட்டும் என்று அமுக்குகிறார்கள். சுவை தெரிய வேண்டுமானால் விரல் நுனியில் ஒரு பொட்டு எடுத்து உதட்டில் தடவுங்கள், நக்கிக்கொள்ளும்.

தட்டு வைப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் தாயை வெளியே நடக்க அழைத்துப் போங்கள். குட்டிகள் தூங்கி எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, முனகத் தொடங்கும் நேரத்தில் தாம்பாளத்தை நடுவில் வையுங்கள். உணவு கறந்த பாலின் சூட்டில் இருக்க வேண்டும். உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்தால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது.

அதன்பிறகு நடப்பது சாப்பாடு அல்ல, நாற்று நடவு. ஒன்று தட்டுக்குள் இறங்கி நிற்கும். ஒன்று தட்டின் விளிம்பைக் கடிக்கும். ஒன்று தும்மும். இரண்டு, தட்டில் கிடக்கும் கஞ்சியை விட்டுவிட்டுப் பக்கத்துக் குட்டியின் காதில் ஒட்டிய கஞ்சியை நக்கிக்கொண்டிருக்கும். அரைமணி நேரம் கழித்து எடை போட்டுப் பார்த்தால் எல்லாம் சேர்ந்து நாலைந்து தேக்கரண்டி உள்ளே போயிருந்தால் அதிகம். வருத்தப்படாதீர்கள். மூன்றாவது நாள் தாம்பாளத்தைச் சுற்றிப் பூவிதழ் போல எட்டுத் தலையும் நிற்கும். சளப் சளப் என்ற சத்தம் அடுத்த அறைவரை கேட்கும்.

முடிந்ததும் தாயை உள்ளே விடுங்கள். தட்டையும் குட்டிகளையும் அவளே நக்கித் துடைத்துவிடுவாள். மிச்சத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் நீங்கள் துடையுங்கள், முக்கியமாகக் கழுத்து மடிப்பிலும் விரலிடுக்கிலும். நம் ஊரில் இதை விட்டுவிட்டால் ஒரு மணி நேரத்தில் எறும்பு வந்துவிடும். சிற்றெறும்பு வரிசை குட்டியின் கண் ஓரத்தில் போவதை நான் பார்த்திருக்கிறேன். தட்டை அகலமான தண்ணீர்த் தட்டுக்குள் வைக்கும் நம் பழைய உபாயம் இங்கே ஆகாது, குட்டி அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். தரையைக் கழுவித் துடைப்பது ஒன்றே வழி. சாப்பிட்டு மிஞ்சியதை அரைமணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். மதியம் புளித்துப்போன கஞ்சியை மாலையில் தின்றுதான் பாதிக் கழிச்சல் வருகிறது.

தட்டில் என்ன வைப்பது? எனக்கு இப்போது ஒரே பதில்தான்: குட்டிகளுக்கென்று விற்கும் நல்ல உலர் தீவனம், பெரிய நாய்களுக்கானது அல்ல. ஒரு பங்கு தீவனத்துக்கு மூன்று பங்கு சுடுதண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் அரைமணியில் ஊறிவிடும். கையாலோ மிக்ஸியிலோ கட்டியில்லாமல் மசித்துவிடுங்கள். கேழ்வரகுக் கூழ் பதம், கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் தயங்கி விழ வேண்டும். வாரம் போகப்போகத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்: ஐந்தாவது வாரம் களி போல, ஆறாவது வாரம் ஊறியும் உருக்குலையாத மணிகளாக, ஏழு எட்டில் லேசாகத் தண்ணீர் தெளித்தது. முதல் நாலைந்து நாள் இரண்டு வேளை வையுங்கள், பிறகு மூன்று, ஐந்தாவது வாரத்திலிருந்து நான்கு வேளை. அளவை நான் இங்கே சொல்வதைவிடத் தீவனப் பையின் மேல் இருக்கும் அட்டவணையே சரி. ஒரு குத்துமதிப்புக்கு, முழுவதும் தட்டுக்கு மாறிவிட்ட 3 கிலோ குட்டி நாளொன்றுக்கு 100 முதல் 130 கிராம் உலர் தீவனம் தின்னும், ஊறுவதற்கு முன் நிறுத்த எடையில்.

எங்கள் அப்பா காலத்தில் தீவனப் பை ஏது, கம்பங்கூழ் குடித்துத்தானே இந்த நாய்கள் பன்றி விரட்டின என்று நீங்கள் கேட்கலாம். என் மாமாவும் ஒவ்வொரு ஈற்றுக்கும் கேட்பார். கேள்வி நியாயமானதுதான். நாய் தானியம் தின்னப் பழகிய விலங்கு என்பதற்கு மரபணுவிலேயே ஆதாரம் இருக்கிறது. ஸ்வீடனின் உப்சாலாவில் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு 2 பிரதிதான் இருக்க, நாய்களுக்கு 4 முதல் 30 வரை இருப்பதைக் கண்டார்கள். ஆனால் அது வளர்ந்த நாயின் கதை. பால்குடிக் குட்டியின் கணையம் அந்த நொதியைப் போதிய அளவில் சுரக்க இன்னும் சில வாரம் வேண்டும். கூழ் மட்டும் குடித்த குட்டிக்கு வயிறு உப்பும், முதுகெலும்பு தெரியும். கூழ் குடித்தே வளர்ந்த பழைய நாய்களைப் பற்றிப் பேசும்போது, வளராமல் போனவற்றை நாம் யாரும் எண்ணி வைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வீட்டுச் சமையல்தான் கொடுப்பேன் என்றால் எலும்பில்லாத கோழிக்கறியை உப்பு, மஞ்சள், மசாலா எதுவுமில்லாமல் வேகவைத்து அரைத்து, குழைய வடித்த சோற்றோடு சரிபாதி சேர்த்துப் பிசையுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வெந்த முட்டை. சிறிதளவு ஈரல், வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: சோற்றிலும் கறியிலும் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய இல்லை. கறிச்சோறு மட்டும் தின்று கொழுகொழுவென்று வளர்ந்த குட்டி மூன்றாவது மாதத்தில் முன்னங்கால் வளைந்து நிற்பதற்கு இதுதான் காரணம். அதற்காக மருந்துக் கடைக் கால்சியத்தைக் கண்ணளவில் ஊற்றுவதும் தவறு; ராஜபாளையம் போன்ற நெடிய உடல்வாகுள்ள நாய்க்கு மிகையும் எலும்பைக் கெடுக்கும். வீட்டு உணவு என்றால் கால்சியத்தின் அளவை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். தீவனம் கொடுத்தால் அதற்குமேல் கால்சியம் வேண்டவே வேண்டாம்.

வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட் — இவை எந்த வயதிலும் நாய்க்கு நஞ்சு. கறிக்குழம்பில் மிஞ்சிய சோறு வெங்காயம் போட்ட சோறு என்பதை மறந்துவிடுவோம். வேகவைத்த கோழி எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். ஆறாவது வாரத்துக்குப் பிறகு ஒரு கரண்டி தயிர் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, புளிக்கும்போது லாக்டோஸ் ஓரளவு குறைந்துவிடுகிறது. தண்ணீர்த் தட்டு மட்டும் இன்றிலிருந்தே எப்போதும் இருக்கட்டும், விரல் கணு ஆழத்துக்கு மேல் வேண்டாம். வெயில் காலமானால் அதை நாளுக்கு நாலுமுறை மாற்றுங்கள்.

இனி உங்கள் சிறிய பெட்டை. சவலைப் பிள்ளை என்று நாம் சொல்வோமே, அதுதான் அவள். எட்டுப் பேர் போட்டியில் நன்றாகச் சுரக்கும் பின்மடிக் காம்புகளைப் பெரிய குட்டிகள் பிடித்துக்கொள்ளும். முன்மடியில் அவளுக்குக் கிடைப்பது குறைவு. இவளை அவர்களோடு ஒரே தாம்பாளத்தில் விட்டால் அங்கேயும் தோற்பாள். பெரிய குட்டிகள் வயிறு புடைத்துத் தூங்கிய பிறகு இவளையும், இவளுக்கு அடுத்துச் சிறியதாக உள்ள ஒன்றையும் தனியே கொண்டுபோய்ச் சிறிய தட்டில் வையுங்கள். தனியாக ஒற்றையாக வைக்காதீர்கள், போட்டிக்கு ஓர் ஆள் இருந்தால்தான் குட்டி ஒழுங்காகச் சாப்பிடும். கஞ்சியைக் கலக்கும்போது தண்ணீருக்குப் பதில் நான் சொன்ன நாய்க்குட்டிப் பால் மாவைக் கரைத்து ஊற்றுங்கள். தாய் படுக்கும்போது பெரிய நாலு குட்டிகளைப் பத்து நிமிடம் கூடைக்குள் அடைத்துவிட்டு இவளைப் பின்மடியில் விடுங்கள். இந்தப் பத்து நிமிடம் எந்த மாவையும்விட உயர்ந்தது.

அவள் தேறுகிறாளா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். தினமும் ஒரே நேரத்தில், காலைத் தட்டுக்கு முன்னால், எட்டையும் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். வெள்ளைக் குட்டிகளை அடையாளம் பிரிக்கக் கழுத்தில் நூல் கட்டுவார்கள். இந்த வயதில் இரண்டு நாளில் கழுத்து பருத்து நூல் இறுகிவிடும், அல்லது இன்னொரு குட்டி அதில் பல்லை மாட்டிக்கொள்ளும். எட்டுக்கும் எட்டு இடத்தில் ரோமத்தைக் கொஞ்சம் கத்தரித்து விடுங்கள், போதும். வளர்ந்து 25 கிலோவுக்கு வரப்போகும் நாய்க்குட்டி இந்தக் காலத்தில் நாளொன்றுக்கு 50 முதல் 100 கிராம் வரை ஏற வேண்டும். புதிய உணவு தொடங்கிய ஒன்றிரண்டு நாள் சற்றுத் தேங்கலாம். இரண்டு நாள் தொடர்ந்து ஏறவே இல்லை என்றால் கவனியுங்கள். இறங்கினால் அன்றே மருத்துவர்.

நோட்டில் இன்னொரு பத்தியும் போட்டுக்கொள்ளுங்கள்: கூப்பிட்டால் வருகிறதா. நான் தட்டு வைக்கும்முன் தாம்பாள விளிம்பில் கரண்டியால் மூன்று தட்டுத் தட்டுவேன். ஒரு வாரத்தில் அந்தச் சத்தத்துக்கே குட்டிகள் உருண்டு வந்துவிடும். ஓர் ஈற்றில் ஒரு குட்டி மட்டும் எப்போதும் கடைசியில் வரும். தூங்கினால் மற்றவை மிதித்துக்கொண்டு ஓடினால்தான் எழும். சோம்பேறி என்று பெயர் வைத்தோம். அதற்குக் காது கேட்கவில்லை என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் பிறவிச் செவிடு ராஜபாளையத்தில் உண்டு. அது தெரியாமல் கொடுத்துவிட்டால், கூப்பிட்டும் வராத திமிர் பிடித்த நாய் என்று அடி வாங்கியே வளரும். தெரிந்து கொடுத்தால், கைச்சைகையில் பழக்கிக்கொள்ள ஆள் இருக்கிறார்கள்.

வயிற்றுப் பூச்சிக்கான மருந்து. 24 நாளாகியும் நீங்கள் இதைப் பற்றி ஒன்றும் எழுதாததால் கொடுக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் வேளை இரண்டாவது வாரத்திலேயே கொடுத்திருக்க வேண்டும். பிறகு 4, 6, 8 வாரங்களில். குட்டி மண்ணைத் தின்னவில்லையே, பூச்சி எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். உருண்டைப்புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குள் போய்விடுகிறது, பால் வழியாகவும் போகும். கொக்கிப்புழுவும் பாலில் வரும். நீங்கள் எவ்வளவு நல்ல தீவனம் வைத்தாலும் முதல் பந்தி அவற்றுக்குத்தான். உடல் மெலிந்து வயிறு மட்டும் பானை போல இருந்தால், ரோமம் மங்கியிருந்தால், சந்தேகமே வேண்டாம். கொக்கிப்புழு இரத்தத்தைக் குடிக்கும். ஈறு ரோஜா நிறம் போய் வெளுத்திருந்தால் அது அவசரம். எடை நோட்டை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு குட்டிக்கும் அளவு கேட்டு வாங்குங்கள், எட்டுக்கும் ஒரே அளவு ஊற்றாதீர்கள். அதே நாளில் தாய்க்கும் கொடுக்க வேண்டும். குட்டியோடு விளையாடும் பிள்ளைகள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது. இந்த உருண்டைப்புழுவின் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனாலும் கேடு செய்யும்.

எல்லாரும் குட்டிகளையே பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் தாய் விழுந்துவிடும். எட்டுக் குட்டிக்குப் பால் கொடுப்பவளுக்கு வழக்கமான உணவைப் போல மூன்று மடங்காவது இப்போது வேண்டும். அவளுக்கும் குட்டித் தீவனமே வையுங்கள், எவ்வளவு கேட்டாலும். திடீரென்று அவள் நிலைகொள்ளாமல் அலைந்து, மூச்சிரைத்து, கால் விறைத்து நடந்து, தசை துடிக்கத் தொடங்கினால் இரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டது என்று பொருள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கூடாது. குட்டிகளைப் பிரித்துவிட்டு அந்த மணியிலேயே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நரம்பில் ஏற்றும் மருந்து அவர் கையில்தான் இருக்கிறது. மடியில் ஒரு பக்கம் மட்டும் சூடாக, சிவந்து, கல்லாக இருந்தால் அதுவும் அன்றே காட்ட வேண்டியது.

தட்டு நன்றாக ஓடத் தொடங்கியதும், ஐந்தாவது வாரத்திலிருந்து, தாயைப் பகலில் சில மணி நேரம் பிரித்து வையுங்கள். ஆறாவது வாரம் இரவில் மட்டும் சேர்ந்திருக்கட்டும். குட்டிகள் குடிப்பது குறையக் குறைய அவளுடைய உணவையும் குறையுங்கள். தீவனம் குறைந்தால்தான் மடி வற்றும். கனக்கிறதே பாவம் என்று கறந்துவிட்டால் மறுபடி சுரக்கும். ஏழாவது வாரத்தில் அவள் நின்றுகொண்டே ஒரு நிமிடம் பால் கொடுத்துவிட்டு உறுமிவிட்டுப் போவாள். அந்த உறுமலைத் தடுக்காதீர்கள், குட்டிகளுக்கு அதுவும் பாடம்.

இதனால்தான் 35ஆம் நாள் வேண்டாம் என்கிறேன். வயிற்றுக்காக மட்டும் அல்ல. கடித்தால் வலிக்கும், வலித்தால் விளையாட்டு நிற்கும் என்பதைக் குட்டி தன் கூடப்பிறந்தவற்றிடம்தான் கற்கிறது, அதுவும் ஐந்திலிருந்து எட்டு வாரத்துக்குள். ஐந்து வாரத்தில் தூக்கிப் போன குட்டி ஆறு மாதத்தில் வீட்டுப் பிள்ளையின் கையைக் கடிக்கும்போது, ராஜபாளையம் என்றாலே முரடு என்று பழி இனத்தின் மேல் விழுகிறது. விற்பவர்களுக்குச் சட்டமும் இதையே சொல்கிறது: நாய் வளர்ப்பு, விற்பனை குறித்து 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. நீங்கள் உறவினருக்குச் சும்மா கொடுக்கலாம், குட்டிக்கு அந்த வேறுபாடு தெரியாது.

ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி போட வேண்டும், பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு வைரஸ் நோய்களுக்கும் எதிராக. தாயிடம் சீம்பாலில் வாங்கிய காப்பு கரைந்துகொண்டிருக்கும் காலமும், பால் மறக்கும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. அதனால் குட்டி பார்க்க வருகிறவர்களைச் செருப்பை வாசலிலேயே விடச் சொல்லுங்கள்; பார்வோ கிருமி தெருவிலிருந்து செருப்பில்தான் நடந்து வருகிறது. கழிச்சலில் இரத்தம், கவிச்சி நாற்றம், வாந்தி, தட்டைத் திரும்பிப் பார்க்காமல் மூலையில் சுருண்டுகொள்வது — இவற்றில் எது கண்டாலும் அரிசிக்கஞ்சி, மாதுளைத்தோல் என்று கைவைத்தியத்தில் ஒரு நாளை இழக்காதீர்கள். மூன்று கிலோ உடலில் இழக்க ஒரு நாள் தண்ணீர் இருக்காது. தீவனம் மாற்றியதால் மலம் சற்று இளகி, குட்டி துள்ளிக்கொண்டு திரிந்தால் மட்டும், பழைய பதத்துக்கே இரண்டு நாள் திரும்பிப் பார்க்கலாம்.

எட்டு வாரம் முடிந்து உறவினர் வரும்போது குட்டியோடு ஒரு பை கொடுத்தனுப்புங்கள். அதில் ஒரு வாரத்துக்கான அதே தீவனம், குட்டிகள் படுத்த துணியில் கிழித்த ஒரு துண்டு, பூச்சி மருந்தும் ஊசியும் போட்ட தேதிகள், ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எத்தனை கிராம் என்று எழுதிய தாள். எழுதித்தான் கொடுக்க வேண்டும். வாயால் சொல்லி அனுப்பினால், பஸ் ஊர் போய்ச் சேர்வதற்குள் அது பசும்பாலும் பன்னும் ஆகிவிடும்.